இடது கதவின் காவல்காரர்

குடத்துத் தண்ணீரைக் கதவின் அடியில் கவிழ்த்துவிட்டு, ஈர மண்ணைக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார் காவல்காரர். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது, மறு கையில் காலிக் குடம். மிதித்து முடித்ததும் தோளைக் கொடுத்துக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. திருப்தியாக "ம்" என்றார். பிறகுதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார். சென்ற மழைக்காலம் வரை அவருடைய காலை இப்படித்தான் விடிந்தது. வாயிலைக் காவல் காக்கச் சம்பளம் வாங்குகிற மனிதர், கதவைச் சாத்த முடியாமல் பார்த்துக்கொள்வதைத் தன் முதல் வேலையாக வைத்திருந்தார்.

பள்ளிவாசலின் தலைவாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில்தான் நான் பேப்பர் படிப்பது. அதனால் அவரை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். அறுபதை நெருங்குகிற வயது. ஒல்லி. சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அவற்றில் பாதிக்குப் பூட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். வாயிலுக்கு நேர் அடியில் நின்று யாருடனும் பேச மாட்டார். பேச வேண்டுமென்றால் உள்ளே வருவார், இல்லையா, வெளியே போவார். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அவருக்குத் "தம்பி"தான். ஒருமுறை தன்னைவிட மூத்த நீதிபதி ஒருவரையும் தம்பி என்று கூப்பிட்டு, அந்த மனிதர் அதில் பூரித்துப்போனதை நான் பார்த்தேன்.

வாயிலுக்கு மேலே இருக்கிற அறையில்தான் குடித்தனம். அவர் மனைவிக்கு அவர்மேல் இருக்கிற பெரிய குறையே, மனிதர் எதையும் மூடி வைக்க மாட்டார் என்பதுதான். எண்ணெய் பாட்டில் திறந்து கிடக்கும், அலமாரி திறந்து கிடக்கும், பேனா மூடியைக் காணோம். "பூனை வந்து பாலைக் குடிச்சிட்டுப் போகுது. கேட்டா, அதுவும் பசிச்சுதானே வந்துச்சுங்கறாரு" என்று அந்த அம்மா படிக்கட்டில் நின்று என்னிடமே நியாயம் கேட்டிருக்கிறார். நமக்கேன் வம்பு என்று நான் சிரித்து வைத்தேன்.

இந்தத் தலைவாசல் பள்ளிவாசலைவிட வயதில் மூத்தது. சரக்கு வியாபாரி ஒருவர் பெரிய பள்ளி கட்டுகிறேன் என்று ஆரம்பித்து, கருங்கல்லில் வளைவும் தேக்கில் இரண்டு கதவும் போட்டு முடித்தபோது ஆயுள் முடிந்து போய்விட்டார். மதில் இல்லை, கூரை இல்லை. வெறும் திடல், அதன் முன்னே ஒரு வாயில். ஒரு தலைமுறைக் காலம் மக்கள் அந்தத் திடலில்தான் தொழுதார்கள். இரண்டு பக்கமும் திறந்த வெளிதான், எப்படி வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆனாலும் எல்லாரும் வாயில் வழியாகவே வந்தார்கள். காவல்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஆடு மாடுதான் தம்பி சுத்திப் போகும். மனுசன் வாசல் வழியா வருவான்" என்பார். மதிலும் மண்டபமும் பிறகுதான் எழுந்தன.

அந்த மதிலும் மண்டபமும் இருந்ததால்தான், ஊருக்குள் படை புகுந்த அன்று எல்லாரும் இங்கே ஓடிவந்தார்கள். எந்த ராஜாவின் படை, எதற்காக வந்தது என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஊர் நினைவில் வைத்திருப்பது அதை அல்ல. அன்று வாயிலில் நின்றது நம் காவல்காரரின் பூட்டன். இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் குதிரைகள் திரும்பின. உள்ளே இருந்தவர்கள் "சாத்து, சாத்து" என்று கத்தினார்கள். தெருவில் ஓடிவந்துகொண்டிருந்தவர்கள் "இரு, இரு" என்று கத்தினார்கள். இரண்டும் அவர் காதில் விழுந்தன. அவர் சாத்திவிட்டார்.

உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள், பிறகு தட்டவில்லை. மறுநாள் கதவைத் திறந்தவரும் அதே பூட்டன்தான். வலது கதவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இடது கதவைத்தான் அன்று கடைசியாகத் தள்ளிச் சாத்தியிருந்தார். அதை உள்பக்கச் சுவரோடு சேர்த்துத் திறந்து வைத்து, அடியில் கல்லும் மண்ணும் கொட்டி இறுக்கினார். இனி இது சாத்தப்படாது என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் சாகும் வரை யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்து வலது கதவு இரவில் சாத்துவதும் காலையில் திறப்பதுமாக இருக்கிறது. இடது கதவு திறந்தே நிற்கிறது. வாயில் காக்கும் வேலை அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, அந்தப் பெயரும் போகவில்லை. 'சாத்தினவர் வீடு' என்றால்தான் இன்றைக்கும் வழி சொல்வார்கள்.

ஊரும் அன்றைக்கே இரண்டாகிவிட்டது. கல்யாணம் பேசும்போது, சம்பந்தி வீடு உள்ளே இருந்தவர்களா, வெளியே நின்றவர்களா என்று பெரியவர்கள் காதோடு காதாகக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீடு உள்ளே இருந்தவர்கள் வீடு. அந்தப் பூட்டன் இன்னும் கொஞ்சம் நேரம் தயங்கியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத ஆள் இருந்திருக்காது. நான் டீ குடிக்கிற கடைக்காரர் வெளியே நின்றவர்கள் வீடு. வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு மகன் வழியாகத் தப்பிய வம்சம். கடை வாயிலுக்கு நேரெதிரே இருந்தும், அவர் தொழுகைக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்குத்தான் போவார். காவல்காரருக்குத் தினமும் டீ கொடுத்தனுப்புவார். கிளாஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்கள் வாயிலைப் பார்க்க வந்தால், கதையைச் சொல்வது காவல்காரர்தான். வேறு ஆளாயிருந்தால் தன் பூட்டனைக் கொஞ்சமாவது தூக்கிப் பிடித்திருப்பார், அல்லது அந்தப் பகுதியை மென்று விழுங்கியிருப்பார். இவர் இரண்டும் செய்ய மாட்டார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்து, "சாத்துனது எங்க வீட்டு ஆளுதான்" என்று தானாகவே சேர்த்துக்கொள்வார். அவர் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால், தெரு முனையைக் கொஞ்சம் பார்ப்பார். "அத நான் சொல்லக் கூடாது தம்பி" என்பார். கதவின் அடியில், மண்ணுக்குள் புதைந்திருக்கிற பலகையில், வெளியே விழுந்து கிடந்தவர்களின் நகக் கீறல்கள் இருப்பதாக அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அதை யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் பூட்டன் மண் கொட்டினாராம். மழை அரித்து மண் இறங்கிவிடாமல் இருக்கத்தான் தினமும் தண்ணீர் தெளித்து மிதிப்பது. மகன், அவர் மகன், அவர் மகன் என்று அந்தக் குதிகால் மாறிக்கொண்டே வந்தது.

சென்ற மழையில் கதவு கொஞ்சம் சாய்ந்ததுபோல் தெரிந்தது. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். அதிகம் பேசாத, வேலையில் கெட்டியான ஆள். கதவின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ஸ்க்ரூ டிரைவரை மரத்தில் வைத்தார். ஊறின ரொட்டிக்குள் இறங்குவதுபோல் அது பிடி வரை இறங்கியது. இங்கே யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார். காவல்காரர் கையைத் தூக்கினார்.

மண்ணும் ஈரமும் மரத்தோடு ஒட்டிக் கிடந்தால் கரையானுக்குக் கொண்டாட்டம் என்பதை அந்த அம்மா முடிந்தவரை நோகாமல் சொன்னார். இது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல, உங்கள் காலத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்று ஆறுதலும் சொன்னார். ஆறுதல் அவரிடம் போய்ச் சேரவில்லை.

"என் வாப்பா ஊத்துனாரு. அவரு வாப்பா ஊத்துனாரு" என்றார் காவல்காரர். "தலைமுறை தலைமுறையா நாங்களே சேந்து தின்னுருக்கோம்."

கதவைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. மண்ணைத் தோண்டி எடுத்து, கதவைக் கழற்றி, செத்துப்போன அடிப்பலகையை வெட்டி எறிந்துவிட்டு, புது மரம் சேர்த்து, கதவு சுழல்கிற குடுமியையும் புதிதாகச் செய்து மாட்ட வேண்டும். தோண்டுகிற அன்று அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தச்சர்களிடம் கெஞ்சிக் கேட்டு, கடைசி மண்ணைத் தன் கையாலேயே வாரினார். அப்போது ஒன்று நடந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்து, வாயிலின் கீழ் நின்றார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் அந்த இடத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பலகை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. மண்புற்றும் தூளும்தான். கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது.

"கீறல் இருக்கும்னு சொல்லுவாங்களே" என்றார் கடைக்காரர்.

"பத்திரமா வச்சிருக்கோம்னு நெனச்சேன்" என்றார் காவல்காரர்.

கடைக்காரர் குனிந்து அந்தத் தூளில் ஒரு பிடி எடுத்தார். என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார். கீறல் இருந்திருந்தால் அது கொடுமை. இல்லாமல் போனது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

கதவு பட்டறையில் கிடந்த சமயத்தில்தான் பள்ளிக்குள் திருட்டு நடந்தது. ஒலிபெருக்கியையும் இரண்டு மின்விசிறிகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிர்வாகக் குழு கூடியது. தலைவர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர், எங்களைப்போல உள்ளே இருந்தவர்கள் வீடு, மனசில் கள்ளமில்லாத வாயாடி. கதவுதான் புதிதாகி வருகிறதே, இனி இரவில் இரண்டையும் சாத்தித் தாழ் போடுவோம் என்றார். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? கதவு என்றால் சாத்தத்தானே. காவல்காரர் எழுந்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து காக்கிறேன் என்றார். இந்த வயதில் நீங்கள் உட்கார்ந்து காத்ததைத்தான் பார்த்தோமே என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். தலைவர் அவர்களை அடக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த விதத்தில் அன்பாகப் பேசினார். உங்கள் பூட்டன் சாத்தினதால்தான் நாங்கள் எல்லாரும் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் யாருக்கும் அவர்மேல் வருத்தமே கிடையாது, இதை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், நீங்கள்தான் காதில் வாங்குவதில்லை என்றார்.

"நீங்க நன்றி சொல்லலாங்க" என்றார் காவல்காரர். "மன்னிக்க வேண்டியவங்க இந்தக் கூட்டத்துல யாரும் இல்லையே."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறியது. சாத்த மனமில்லையென்றால் வேறு காவலாளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். வேலை போனால் மேல் அறையும் போகும். மனைவிக்கு மூட்டு வலி, படிக்கட்டு இறங்குவதே பாடு. இந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? கட்டிக் கொடுத்த மகள் சேதி கேட்டு ஓடிவந்தாள். நான் அவளைச் சின்னப் பெண்ணாகப் பார்த்திருக்கிறேன், அந்த மண்மேட்டில் ஏறிக் குதித்து வாப்பாவிடம் அடி வாங்கியவள். 'சாத்தினவர் வீட்டுப் பொண்ணு' என்று புகுந்த வீட்டில் இன்றைக்கும் காதுபடச் சொல்கிறார்களாம். ஊரே சாத்தச் சொல்கிறது, சாத்திவிட்டால் அந்தப் பேச்சும் இதோடு ஒழியும் என்று அழுதாள்.

"அது கதவு வாப்பா" என்றாள். "வெறும் மரம். பாதி மரம்கூட இப்ப புதுசு."

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, சரி என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் எனக்கு உறுத்தியது. மறுநாள் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலை எதுவும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, ஆறியது, அப்படியே திரும்பிப் போனது. ஒரு மனிதருடைய காலுக்கு மிதிக்க மண் இல்லாமல் போனால் அவர் இவ்வளவு கிழவராகிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் மதில் இல்லாத காலத்துக் கதையோடு நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு யாராவது தூண்டினால், மற்றது அந்தப் பொறியாளர் அம்மா வாயிலில் வைக்கப்போகிற தகவல் பலகையில் இருக்கும் என்றார்.

கதவை மாட்டிய அன்று வெயிலே இல்லை. இடது கதவின் அடியில் வெளுத்த புது மரம் பட்டையாகத் தெரிந்தது. குடுமி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, கதவை ஒருமுறை முழுக்கச் சாத்தித் திறந்தாக வேண்டும் என்றார் பொறியாளர். அவருக்கும் ஊர்க் கதை இதற்குள் தெரிந்திருந்தது. அதனால் சொல்லும்போது காவல்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கதவு முன்பே சாத்தியிருந்தது. தலைவர் வந்துவிட்டார், பாங்கு சொல்லும் மோதினார் வந்துவிட்டார், என்னைப்போல வேலையில்லாதவர்கள் ஏழெட்டுப் பேர் வாயிலுக்கு உட்புறம் நின்றோம். மகள் படிக்கட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டுக் கை பட்ட கதவு. நீங்களே பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாத்துங்க" என்றார் தலைவர். கௌரவம் செய்வதாகத்தான் அவர் நினைத்தார், அதில் சந்தேகமில்லை.

காவல்காரர் கதவுக்குப் பக்கத்தில் போனார். கையை அதன்மேல் வைத்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தள்ளுங்க வாப்பா" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் கையை எடுத்தார். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மோதினாரிடம் கொடுத்தார்.

"சாத்துங்க. நான் வேணாங்கல" என்றார். "எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் நான் பாத்துக்குறேன்."

சொல்லிவிட்டு வாயிலைக் கடந்து தெருவில் போய் நின்றார், எங்கள் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு. பொறியாளர் தச்சர்களைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு தச்சர்கள் தள்ள, கதவு சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தெரு ஒடுங்கிக்கொண்டே வந்தது. அவர் தோள் மறைந்தது, முகம் மறைந்தது. மரத்தோடு மரம் சேர்ந்ததும் வாயிலின் நடைவழி இருண்டுவிட்டது. அந்த இடத்தை நான் இருட்டாகப் பார்த்ததே கிடையாது. பொறியாளர் டார்ச்சைப் போட்டு, மேலும் கீழும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஏனோ வெளியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"சரியா இருக்கு. திறங்க" என்றார் பொறியாளர்.

தச்சர்கள் இழுத்தார்கள். கதவு உட்பக்கமாக வர வர, அதன் வெளிப்புறத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியையும் வைத்தபடி காவல்காரரும் கூடவே நடந்து வந்தார். கதவு சுவரில் போய் நின்ற பிறகும் அவர் நெற்றியை எடுக்கவில்லை.